அரை நூல் இடப்பக்கம்

பன்னார்கட்டா ரோட்டில்
பதினாலு மாடிக்கும் மேலே, தண்ணீர்த்தொட்டியின் தலையில்
இடுப்புக் கயிறும் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானருமாக நான்.
தெற்கே பதினேழு கிலோமீட்டர் தள்ளி
கல்லுதொட்டி பால் சொசைட்டிக் கூரையில் ருத்ரேஷ்.
இருக்கிற ஒரே லேப்டாப் அவனிடம்.

போன் போடலாமே என்பீர்கள்.
அங்கே போன் பேச, கூரையிலிருந்து இறங்கி
எருக்கம்புதர் தாண்டி ஒரு பாறை மேல் ஏறவேண்டும்.
அதனால் ஷேவிங் கண்ணாடி.
வெயிலில் ஒரு மினுக்கு: ஏறுகிறது.
இரண்டு: இறங்குகிறது.
மூன்று: பீடி குடிக்கப் போகிறேன்.

பழைய தட்டு நான் மாட்டியதுதான். அறுபது சென்டிமீட்டர்.
மாட்டிய நாளில் நடுவில் இருந்த தைலமரத் தோப்பு
கன்றாக இருந்தது. இப்போது ஆள் உயரம் எட்டு.
மழை பெய்தால் ஈர இலைகள் பாதியைக் குடித்துவிடும்.
மைனஸ் எண்பத்தாறு.
எங்கள் கணக்கில் எல்லாருமே கடனாளி,
கடன் குறைந்தவன் பணக்காரன்.
எண்பத்தாறு என்பது ஜப்தி.

போன மாதம் ரேஷன் கடையில்
புட்டதாயம்மா ஏழு தடவை கட்டைவிரலை வைத்தாள்.
ஏழு தடவையும் பதில் வரவில்லை.
களையெடுத்து ரேகை தேய்ந்துபோச்சென்று
தானே முடிவுகட்டி வீட்டுக்குப் போய்
தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டு வந்தாள்.
அவள் விரலில் ஒன்றுமில்லை.
தேய்ந்திருந்தது நான் மாட்டிய தட்டு.

இன்று நாலடித் தட்டு. லிப்டில் நுழையவில்லை.
படியேறும்போது அசோசியேஷன் செக்ரட்டரி கேட்டார்,
கதிர்வீச்சு வருமா, முடி கொட்டுமா என்று.
அவருக்குக் கொட்ட ஏதும் மிச்சமில்லை.
உங்கள் மைக்ரோவேவ் அடுப்பைவிடச் சாது சார் என்றேன்.

சின்னத் தட்டு தெருவுக்கே கேட்கப் பேசும்.
பெரியது ஒரே கதவைத்தான் தட்டும்,
எந்தக் கதவென்று நாம்தான் சொல்லவேண்டும்.
இங்கே அரை நூல் பிசகினால்
அங்கே அரைக் கிலோமீட்டர்:
சொசைட்டிக்குப் பதில் யாரோ ஒருவரின் பட்டுப்புழுக் கொட்டகை.

திருப்பினேன். ஒரு மினுக்கு.
இன்னும் கொஞ்சம். ஒரு மினுக்கு, ஒரு மினுக்கு.
பிறகு இரண்டு.
திரும்ப வந்து நிறுத்தினேன்.
பாறையிலிருந்து அவன் குரல், பாதி காற்று:
"எழுபத்தாறு அக்கா. போதும் விடுங்க. பால் வண்டி வருது."

பத்து குறைந்திருக்கிறது. விட்டுவிடலாம்.
ஆனால் நேற்று ராத்திரி தாளில் போட்டது ஐம்பத்தொன்பது.
பதினேழு எங்கே போனது?
பெரிய தட்டின் காதோரம் கொஞ்சம் கசியும்.
அந்தக் கசிவையே வாய் என்று நம்பிப்
பல ஊர்களில் போல்ட்டை முறுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள்.
நானும்தான், சர்ஜாபுரா பக்கம் ஒருமுறை.

கிடைத்ததை விட்டுத் தாண்டினேன்.
இரண்டு மினுக்கு.
இரண்டு.
பிறகு ஒன்றுமே இல்லை.

இணைப்பு செத்ததா, மேகம் மறைத்ததா,
அவன் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டானா.
குவாரிப் புழுதிக்கு அப்பால் அந்த ஊர்
கண்ணுக்கு ஒரு மச்சம்கூட இல்லை.
கை நடுங்கியது, காற்றால்தான்.
இன்னும் ஒரு மயிரிழை. இன்னும் ஒன்று.

அடிவானத்தில் குத்தியது ஒரு மினுக்கு.
மறுபடி. மறுபடி.
எண்ண விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்தான்,
பைத்தியம்.

இனிதான் வேலை.
போல்ட்டை இறுக்கும்போது தட்டு தானாக
அரை நூல் வலப்பக்கம் நகரும்.
எந்தக் கையேட்டிலும் இது இல்லை, என் தோளில் இருக்கிறது.
அரை நூல் இடப்பக்கம் தள்ளிவைத்து
பொய்யான இடத்தில் பிடித்தபடி முறுக்கினேன்.
கடைசிச் சுற்றில் மெல்ல வந்து உட்கார்ந்தது.

பத்தாம் தேதி ரேஷன்.
அதற்குள் ஒரு மழை பெய்தால் தேவலை,
பார்த்துவிடலாம்.

தெற்கே மூன்று மினுக்கு.